மேல்வீட்டுத் தரையில் ஈரமே இல்லை, என் வீட்டு சீலிங் மட்டும் ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 2003இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. நாங்கள் முதல் மாடி. பிப்ரவரியில் படுக்கையறை சீலிங்கில், பாத்ரூம் சுவரை ஒட்டி, தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. இப்போது பெயிண்ட் உப்பி, காரை உதிர்ந்து, ஓர் இடத்தில் கம்பியே தெரிகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறோம். மேல்வீட்டு மாமாவிடம் சொன்னால், "எங்க பாத்ரூமை வந்து பாருங்க, தரை காய்ஞ்சு கிடக்கு, இது மழைத் தண்ணி" என்கிறார். பெயிண்டர் 18,000 ரூபாய்க்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார். அந்த அறையில்தான் என் மாமியார் படுக்கிறார். யார் சொல்வது சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வணக்கம் சகோதரி. ஆரம்பிக்க வேண்டியது கட்டிலிலிருந்து. மாமியாரின் கட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனம் உள்ள காரைத் துண்டு ஒன்று ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். அது பத்தடி உயரத்திலிருந்து, முன்னறிவிப்பே இல்லாமல் விழும். கம்பி வெளியே தெரிகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் சுற்றியிருக்கிற பகுதியும் பிடிப்பு விட்டிருக்கும்.

அதே அறையின் ஃபேன், லைட் இரண்டையும் எம்சிபியில் அணைத்துவிடுங்கள். தளத்துக்குள் புதைத்த வயர் குழாய் வழியாகத் தண்ணீர் ஓடி ஃபேன் கொக்கிப் பெட்டியில் இறங்குவது சர்வ சாதாரணம். வாளிக்குள் விழுகிற சொட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஃபேன் கப்புக்குள் தேங்கி நிற்பதை யாரும் பார்ப்பதில்லை.

காரை எவ்வளவு தூரத்துக்கு விட்டிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று, நல்ல இடத்திலிருந்து தொடங்கி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். பிடிப்புள்ள இடம் கல்லைத் தட்டியதுபோல 'டக் டக்' என்று சொல்லும், விட்டுப்போன இடம் பானையைத் தட்டியதுபோல 'பொத்' என்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் கம்பு நுனியில் சாக்பீஸைக் கட்டி ஒரு கோடு போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சேதத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய வட்டம் கிடைத்தால் பயந்துவிடாதீர்கள், வழக்கமாக அப்படித்தான் இருக்கும். நீங்களே ஸ்டூல் போட்டு ஏறித் தட்டி உதிர்க்க மட்டும் வேண்டாம்.

சரி, பெயிண்டர். 18,000 ரூபாயைப் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கு வேறு வேலை வரப்போகிறது. மேலிருந்து வரும் தண்ணீரைக் கீழிருந்து பூசுகிற எந்தப் பெயிண்டும் நிறுத்தாது. பாலிதீன் பையில் ஏந்தியதுபோல அந்தப் பூச்சு கொஞ்ச நாள் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்குள் தண்ணீர் பக்கவாட்டில் பரவி இன்னும் நான்கு கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிட்டு, வேறொரு மூலையில் எட்டிப் பார்க்கும். பெயிண்டர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது பிரஷ், அதனால் அவருக்கு எல்லாமே பெயிண்ட் வேலையாகத் தெரிகிறது. கடைசி நாளில் அவரைக் கூப்பிட வேண்டும், முதல் நாளில் அல்ல.

மேல்வீட்டு மாமாவும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் பாத்ரூம் தரை உண்மையிலேயே காய்ந்திருக்கும். சிக்கல் டைல்ஸுக்குக் கீழே இருக்கிறது. அந்தக் காலகட்டத்து ஃப்ளாட்களில் பாத்ரூம் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஒரு அடி பள்ளமாக இறக்கிப் போடுவார்கள், சங்கன் ஸ்லாப் என்பது அதுதான். கழிவுக் குழாய்களை அந்தப் பள்ளத்துக்குள் ஓட்டிவிட்டு, மேலே உடைந்த செங்கல்லையும் கட்டடக் கழிவையும் கொட்டி நிரப்பி டைல்ஸ் ஒட்டுவார்கள். நிரப்புவதற்கு முன் பள்ளத்துக்குள் ஒழுங்காக வாட்டர்ப்ரூஃப் செய்திருந்தால் நல்லது. ஆனால் மூடிவிட்டால் தெரியாத வேலைக்கு நம் ஊரில் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

டைல்ஸ் இடுக்கில் போட்ட வெள்ளை சிமென்ட் பத்து வருடத்தில் அரித்துப்போகும். குளிக்கிற தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் என்று உள்ளே இறங்கும். ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம், முக்கால் அடிப் பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் துண்டுகளுக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு காலி இடம் இருந்தால்கூட 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் அதில் தங்கும். அதாவது உங்கள் தலைக்கு மேல் யாருக்கும் தெரியாமல் ஒரு தொட்டி இருக்கலாம். மேலே டைல்ஸ் காய்ந்து பளிச்சென்று இருக்கும், மாமா அதைக் காட்டி சத்தியம் செய்வார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இன்னொரு விஷயம். ஒழுகுவது உங்கள் பாத்ரூம் சீலிங்கில் அல்ல, பக்கத்துப் படுக்கையறையில். பாத்ரூம் தளம் தாழ்ந்தது, படுக்கையறைத் தளம் உயர்ந்தது, நடுவில் ஒரு பீம். தாழ்ந்த இடத்தில் இருக்கிற தண்ணீர் உயர்ந்த இடத்துக்கு வர வேண்டுமென்றால், ஒன்று பள்ளம் நிரம்பி டைல்ஸ் அடியிலேயே பீமைத் தாண்டி வழிகிறது, இல்லையென்றால் இரண்டு அறைக்கும் பொதுவான அந்தச் சுவருக்குள் போகிற குழாய் ஓட்டையாகியிருக்கிறது. உங்கள் பாத்ரூமில் பரண் இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். பிவிசி சீலிங் அடித்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். மேலே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு விழுது தொங்கினால் தண்ணீர் வருடக்கணக்கில் அங்கே தேங்கிக் கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தளம் காய்ந்து, படுக்கையறை மட்டும் நனைந்தால் என் சந்தேகம் சுவருக்குள் இருக்கும் குழாய்மேல்.

மழையா என்று கேட்டால், பிப்ரவரியில் சென்னையில் மழை எங்கே? வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு மூட்டை கட்டிவிடும். தவிர, மொட்டை மாடித் தண்ணீர் உங்களிடம் வர வேண்டுமென்றால் மூன்றாவது மாடியையும் மாமா வீட்டையும் நனைத்துவிட்டு வர வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, டக்டுக்குள், அதாவது எல்லா மாடிக் குழாய்களும் செங்குத்தாக இறங்குகிற இடைவெளிக்குள், வருகிற மழைநீர்க் குழாய் உடைந்திருந்தால் நடுவில் எந்த மாடியில் வேண்டுமானாலும் உள்ளே வரும். அப்படியானால் மழை பெய்த அன்றோ மறுநாளோ அதிகமாகும், வெயிலில் குறையும். உங்களுக்கு அப்படி இல்லை.

ஒழுகலைக் கண்டுபிடிக்கக் கருவியைவிட நேரக் கணக்குதான் உதவும். மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை என்றால் ராத்திரி பகல் பேதமில்லாமல், வீடு பூட்டிக் கிடந்தாலும், ஒரே சீராகச் சொட்டும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். கழிவுக் குழாயோ வெஸ்டர்ன் டாய்லெட் இணைப்போ என்றால் காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேகமெடுக்கும், மத்தியானம் ஓயும், சோப்பு வாசனையோ வேறு வாசனையோ இருக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் என்றால் மேல்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் நான்கு நாள் ஆனாலும் சொட்டும், ஆனால் நாளாக ஆகக் குறையும். ஒரு நோட்டில் காலை 6, 10, மதியம் 3, இரவு 10 என்று நான்கு வேளை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று ஒரு வாரம் எழுதுங்கள். மாமியாருக்கு நேரம் போகவில்லையென்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள், இந்த வேலைக்குப் பெரியவர்களின் பொறுமைதான் சரி.

இப்படி எழுதி வைத்த ஒரு நோட்டுதான் ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. ஒரு வீட்டில் மேல் பாத்ரூமை இரண்டு முறை உடைத்துக் கட்டியும் ஒழுகல் நிற்கவில்லை, இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தையே இல்லை. நோட்டைப் பார்த்தால் சொட்டு இரவு 11 மணிக்குமேல் தொடங்கி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது, அதுவும் ஏப்ரல் மே மாதங்களில் மட்டும். மேல்வீட்டு ஏசியின் தண்ணீர்க் குழாய் வெளியே வராமல் சுவர்த் துளைக்குள்ளேயே முடிந்திருந்தது, ராத்திரி முழுக்க அரை வாளித் தண்ணீர் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் பைப் வாங்கி நீட்டினோம், முடிந்தது வேலை. இரண்டு பாத்ரூம் உடைத்த காசுதான் திரும்பி வரவில்லை. பாத்ரூமை உடைத்த ஆட்களுக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்த்திருந்தால் நானும் பாத்ரூமைத்தான் உடைத்திருப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நோட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு ராத்திரி வால்வு சோதனை செய்துவிடுங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் மேல்தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி லைன் இறங்கும், மொட்டை மாடியில் வால்வு இருக்கும். மாமா வீட்டு வால்வை, அவரிடம் சொல்லிவிட்டு, இரவு 10 மணிக்கு மூடி விடிகாலை 5 மணிக்குத் திறக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு அவர் வீட்டு பாத்ரூம் குழாய் ஒன்றைத் திறந்து, லைனில் நிற்கிற தண்ணீர் வடிந்து அழுத்தம் போகும்படி விட வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முந்தைய ராத்திரி வாளியில் சேர்ந்த தண்ணீரை லிட்டர் குவளையால் அளந்து வைத்திருந்தால், இந்த ராத்திரி அளவோடு ஒப்பிடலாம். பாதிக்கும் கீழே இறங்கினால் வரும் குழாய்தான். 2003இல் கட்டியது என்பதால் சுவருக்குள் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) புதைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, உங்கள் பகுதி போர் தண்ணீரில் இருபது வருடத்துக்குமேல் தாக்குப்பிடித்ததே பெரிது. அப்படியென்றால் மாமாவின் தரையை உடைக்கவே வேண்டாம். பழைய லைனை அப்படியே அடைத்துவிட்டு, சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்பைச் சுவருக்கு வெளியே ஓட்டினால் இரண்டு நாள் வேலை.

அளவு மாறவே இல்லையென்றால் தரைப் பக்கம் போக வேண்டும். மேல்வீட்டு பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறுகிற ட்ராப்பில் துணியைப் பாலிதீனில் சுற்றி இறுக்கி அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவர் டைல்ஸில் பென்சிலால் குறித்துவிட்டு, 24 மணி நேரம் அந்த பாத்ரூமைப் புழங்காமல் பூட்டிவிட வேண்டும். பக்கத்திலேயே ஒரு தட்டையான பாத்திரத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் பாத்திரத்தில் நூலளவு குறைந்து, தரையில் விரலளவு குறைந்திருந்தால் அது ஆவியாகிப் போன தண்ணீர் அல்ல என்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. சோதனை நாளில் உங்கள் வீட்டில் ஒழுகல் கூடும், பெரிய வாளி தயாராக இருக்கட்டும். தரையில் கட்டிய தண்ணீர் மட்டம் குறையாமல் நின்றால் அடுத்த சந்தேகம் கழிவுக் குழாய் இணைப்புகள்.

நீலம் கரைத்து ஊற்றிப் பார்க்கலாமா என்று யாராவது சொல்வார்கள். ஊற்றலாம். கீழே நீலமாக வந்தால் கதை முடிந்தது. ஆனால் வராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, செங்கல் துண்டுகளுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஊறி வருவதற்குள் சாயம் வடிகட்டப்பட்டுப் போகும். "பாத்தீங்களா, கலர் வரலை" என்று மாமா சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மாமாவிடம் பேசுவதுதான் இதில் கடினமான பகுதி என்று எனக்குத் தெரியும். "உங்க வீட்டுத் தண்ணி எங்க தலைமேல விழுது" என்று படியேறினால் அவர் கதவைத்தான் சாத்துவார், வயதான காலத்தில் பத்து நாள் பாத்ரூம் இல்லாமல் இருக்க யாருக்குத்தான் மனசு வரும். நோட்டையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய், "மாமா, ஒரே ஒரு ராத்திரி வால்வை மூடிப் பாக்கலாமா, பிளம்பர் காசு நான் தர்றேன்" என்று கேளுங்கள். சின்னதாகக் கேட்டால் சம்மதிப்பார். கீழே கூட்டிவந்து கம்பியையும் காட்டுங்கள். அந்தத் தளம் உங்களுக்கு சீலிங் என்றால் அவருக்குத் தரை, அவர் நிற்கிற தரையின் கம்பிதான் துருப்பிடிக்கிறது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், வழக்கு பயத்தைவிட இதுதான் வேலை செய்கிறது. அப்படியும் மசியவில்லையென்றால் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். டக்டில் இறங்கும் பொதுக் குழாய் என்றால் செலவு சங்கத்தினுடையது, ஒரு வீட்டு பாத்ரூமிலிருந்து வந்தால் அந்த வீட்டுக்காரர் சரிசெய்வதுதான் முறை, சீலிங் செலவைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். புது ஃப்ளாட் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, சாவி வாங்கிய ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்தால், கட்டுநர் சொந்தச் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். உங்களுடையதற்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது.

பள்ளம்தான் காரணம் என்று உறுதியானால் இரண்டு வழி. டைல்ஸ் இடுக்குகளை மட்டும் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் (தண்ணீர் புகாத பிசின் கலவை) போடுவது முதல் வழி, ட்ராப்பைச் சுற்றியும் டாய்லெட் அடியிலும் சேர்த்து அடைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை, பல வீடுகளில் சில வருடங்களுக்குத் தாங்கும், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதை முதலில் முயல்வதில் தவறில்லை. இரண்டாவது வழி முழுக்க உடைத்து, செங்கலை அள்ளி, குழாய் மாற்றி, பள்ளத்துக்குள்ளும் சுவரில் ஓரடி உயரத்துக்கும் பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட் அடிப்பது. இதில் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: நிரப்புவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, நீங்களும் மாமாவும் சேர்ந்து சீலிங்கைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. கொத்தனார் முனகுவார், முனகட்டும்.

"உடைக்கவே வேண்டாம், கீழிருந்து ஊசி போட்டு அடைத்துவிடுகிறோம்" என்று வருகிறவர்களும் உண்டு. விரிசலுக்குள் ரசாயனத்தை அழுத்திச் செலுத்துவதுதான் அது, விரிசல் வழியே வருகிற தண்ணீருக்கு அந்த இன்ஜெக்‌ஷன் நல்ல முறைதான். உங்கள் மேலே தொட்டி போலத் தேங்கி நிற்கிறதென்றால், வாசலை அடைத்துவிட்டுத் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைத்த கதையாகிவிடும், கம்பி தொடர்ந்து ஊறும்.

மேலே சரிசெய்த மறுநாளே சொட்டு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வழியில் போனால் ஏற்கெனவே தேங்கிய தண்ணீர் வடிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பாதிச் சண்டைகள் மறுபடி மூளுகின்றன. பொறியாளர் ஒருவரை வைத்து, கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, உங்கள் பாத்ரூம் தளத்தில் கீழிருந்து அரை அங்குலத் துளை போட்டு வடித்துவிடலாம். தேநீர் நிறத்தில், குமட்டுகிற வாடையோடு வாளி வாளியாக இறங்கும். அந்த வாளியை ஒரு தரம் மாமாவுக்குக் காட்டுங்கள்.

அப்புறம்தான் சீலிங். வெறும் சிமென்ட் கலவையைக் குழைத்து அடைக்க விடாதீர்கள், ஒரு வருடத்தில் கொத்தாகக் கழன்று விழும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பி உள்ளே உப்பித்தான் கான்கிரீட்டையே கீழே தள்ளுகிறது. அதனால் கம்பியைச் சுற்றி, அதன் பின்பக்கமும் தெரியும்படி, திடமான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவை முழுக்கத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, ஒட்டுக்கலவை தடவி, பாலிமர் மார்ட்டரை அரை அங்குலத்துக்கு மிகாமல் அடுக்கு அடுக்காக ஏற்ற வேண்டும். தேய்த்த பிறகு கம்பி நாலில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும், அதைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது, கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். கொத்துகிற பகுதி பெரிதாக இருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும்.

அது முடிந்து குறைந்தது ஒரு மாதம் ஃபேன் போட்டுக் காய விடுங்கள். ஒரு சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டி, மறுநாள் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்க்கவில்லையென்றால் பெயிண்டரைக் கூப்பிடலாம். 18,000 ஆகாது, ஒரு சீலிங்தானே.

நோட்டில் ஒரு வாரக் கணக்கு சேர்ந்ததும், வால்வு மூடிய ராத்திரியின் அளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பரணில் என்ன தெரிந்தது என்பதையும்தான். பைப்பா பள்ளமா என்று அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.